இடப்பக்கம் திரும்பினால் கடல்

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலை ஒட்டியே சொந்தக் காரில் போய்த் திரும்ப வேண்டும். பொங்கல் முடிந்த அடுத்த வாரம், ஆறு நாள் விடுமுறை. காரில் நீங்கள், மனைவி, பத்து வயது மகள், எழுபதைத் தாண்டிய அம்மா. எங்கெங்கே நிறுத்தலாம், எங்கே தங்கலாம்?

ஆறு நாளில் கன்னியாகுமரி போய் வந்துவிடலாம். ஆனால் கடலைப் பார்க்க நேரம் இருக்காது. கடலோரமாகவே போனால், ராமேஸ்வரத்தையும் சேர்த்து, போக மட்டும் 900 கிலோமீட்டருக்கு மேல். திரும்பி வர உள்நாட்டு நான்குவழிச் சாலையில் இன்னொரு 700. நாளெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, “அதோ பார் கடல்” என்று மகளுக்கு நாலைந்து தடவை கை காட்டிவிட்டு வீடு திரும்புவீர்கள். ஆகவே ராமேஸ்வரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. தென்பாதியை இன்னொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். அதைப் பற்றியும் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

காரணத்தைச் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரைக் கேட்டுவிட்டுப் பலர் சாலையும் அலையும் கைகோத்துப் போவதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தச் சாலையிலிருந்து கடல் தெரியும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாலைக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேடு, சவுக்குத் தோப்பு, பக்கிங்ஹாம் கால்வாய், உப்பளம், கழிமுகம் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். காவிரிப் படுகையில் ஆற்றுக்கு ஆறு பாலம் தேடிச் சாலை உள்ளே ஒதுங்கிவிடும். கடல் வேண்டுமானால் சாலையை விட்டுத் திரும்பத்தான் வேண்டும். தெற்கு நோக்கிப் போகும்போது கடல் எப்போதும் உங்கள் இடப்பக்கம் இருக்கும். நாமும் சாலையின் இடப்பக்கமே ஓட்டுகிறோம். எதிரே வரும் லாரிகளைக் குறுக்கே வெட்டாமல், மனம் வந்த இடத்தில் சட்டென்று கடலை நோக்கி இறங்கிவிடலாம். வடக்கு நோக்கி வந்தால் ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் காத்து நின்று கடக்க வேண்டும். களைப்பில் பாதி இடங்களை “அடுத்த முறை பார்க்கலாம்” என்று விட்டுவிடுவோம். அதனால்தான் போகும்போது கடலோரம், திரும்பும்போது உள்நாட்டுச் சாலை என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

நான் இந்தப் பயணத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை இடப்பக்கத் திருப்பங்கள் என்றுதான் பார்ப்பேன். மூன்றுக்கு மேல் போனால் எந்த இடமும் மனதில் நிற்காது. நூறிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர், இரண்டு அல்லது மூன்று திருப்பங்கள், மதியச் சாப்பாட்டுக்குள் ஓட்டம் முடிய வேண்டும். போகும் வழியில் ஒரு நாள் மட்டும் இந்தக் கணக்கு மீறும்.

கிளம்புமுன் மூன்று தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது காணும் பொங்கல். அன்று சென்னை நகரமே மாமல்லபுரம் பக்கம் திரண்டு நிற்கும். மறுநாள் விடியற்காலையில் கிளம்புங்கள். இரண்டாவது தை அமாவாசை. அந்த நாளையொட்டி ராமேஸ்வரத்தில் அறையும் கிடைக்காது, அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமும் கிடைக்காது. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு அந்த நாளை விட்டு விலகிப் போய்ச் சேருங்கள். மூன்றாவது வார விடுமுறைகள். முதலைப் பண்ணைக்குத் திங்கள், தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய், தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. பூட்டிய கதவின் முன் குழந்தையைச் சமாதானப்படுத்துவது பெரிய வேலை.

பருவத்தைப் பொறுத்தவரை நீங்கள் சரியான நேரத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நல்ல மீன் தேடி அலைய வேண்டும், வெயில் வேறு. ஆடி மாதக் காற்றில் தனுஷ்கோடி மணல் முகத்தில் ஊசியாகக் குத்தும். தை, மாசி மாதங்களில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பறவைகளும் வந்திருக்கும். ஒரே ஓர் எச்சரிக்கை: அது சம்பா அறுவடைக் காலம். காவிரிப் படுகையில் பல இடங்களில் பாதிச் சாலையில் நெல் காயும், அறுவடை இயந்திரங்கள் ஊர்ந்து போகும், வைக்கோல் ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்விளக்கு என்ற ஒன்றே இருக்காது. பொழுது சாய்ந்தபின் வண்டி ஓட்டாதீர்கள்.

கைபேசியின் வரைபடத்தை அப்படியே நம்பாதீர்கள். ராமேஸ்வரம் என்று போட்டால் அது உங்களைத் திருச்சி வழியாகத்தான் அனுப்பும். அதற்கு வேகம் மட்டுமே தெரியும். கடப்பாக்கம், மரக்காணம், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி, திருப்பூண்டி, முத்துப்பேட்டை, மல்லிப்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று ஊர் ஊராக ஊட்ட வேண்டும்.

முதல் நாள் புதுச்சேரி வரை 150 கிலோமீட்டர். மாமல்லபுரத்தை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் அதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். அரை நாளுக்குக் குறைவாகப் பார்ப்பது அந்தச் சிற்பிகளுக்குச் செய்யும் அவமரியாதை. அதற்குச் சற்று முன்னால் சாளுவன்குப்பத்தில் இறங்குங்கள். புலிக்குகை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பக்கத்தில், 2004 சுனாமி மணலை வாரிக்கொண்டு போனதில் பாறைக் கல்வெட்டுகள் வெளிப்பட்டு, அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறையினர் தோண்டியெடுத்த முருகன் கோயில் இருக்கிறது. பழைய செங்கல் அடித்தளம், முன்னால் கல்லில் செய்த வேல். பெரும்பாலும் அங்கே ஆளே இருப்பதில்லை. கடல் கொடுத்ததும் எடுத்ததும் ஒரே நாளில் என்று மகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்த திருப்பம் கடப்பாக்கத்தில், ஆலம்பரைக் கோட்டைக்கு. முகலாயர் காலத்துக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது. எஞ்சியிருப்பவை செங்கல் மதில்கள், அவற்றுக்கு அப்பால் கழிமுகம், அதற்கும் அப்பால் மணல்திட்டு, பிறகு கடல். மூன்று நீல நிறங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். கார் நிற்கும் இடத்தைத் தாண்டி மணலில் இறக்காதீர்கள். ஒரு முறை “இன்னும் பத்தடிதானே” என்று இறக்கினேன். முன்சக்கரங்கள் அச்சு வரை புதைந்தன. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஐந்தாறு பேர் வந்து, சக்கரத்துக்கு முன்னால் பனையோலையைப் பரப்பி, டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொல்லி, ஒரே தள்ளில் வெளியே எடுத்துவிட்டார்கள். காசு வாங்க மறுத்துவிட்டு, “மணலுக்கும் மாமியாருக்கும் பக்கத்தில் வண்டியை நிறுத்தாதே” என்றார் அவர்களில் பெரியவர். அந்தப் பாடம் இன்றுவரை மறக்கவில்லை.

மரக்காணத்தில் சாலையின் இரு பக்கமும் உப்புப் பாத்திகள். ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் பாருங்கள், போதும். புதுச்சேரியைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பெட்ரோலைப் பெரும்பாலும் நம் பக்கத்தைவிடக் குறைந்த விலையில் நிரப்பிக்கொள்ளலாம். இரண்டு நாள் கழித்து வரும் காரைக்காலும் அதே ஆட்சிப்பகுதி என்பதால் அங்கேயும் அப்படித்தான். கடற்கரைச் சாலையில் மாலையில் வாகனங்களை விடுவதில்லை. அம்மா நிம்மதியாக நடக்கலாம்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கே கிளம்பினால் கடலூர் நெரிசலுக்குத் தப்பலாம். எட்டு மணிக்குப் பிச்சாவரத்தில் இருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் அலையாத்திக் காடு வெறும் பச்சைச் சுவர்தான். விசைப்படகில் ஏறாதீர்கள், துடுப்புப் படகைக் கேளுங்கள். குறுகிய ஓடைகளுக்குள் அதுதான் நுழையும். சுரபுன்னையின் தாங்குவேர்கள் தலைக்கு மேல் வளைந்து நிற்பதை அதிலிருந்துதான் பார்க்க முடியும். அந்தக் காட்டில் தில்லை என்றொரு மரம் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் அந்த மரத்தால் வந்தது. நடராசர் ஆடியது இப்படிப்பட்ட காட்டுக்குள் என்று தெரிந்துகொண்டு கோயிலுக்குப் போனால் அந்தக் கோயிலே வேறு மாதிரி தெரிகிறது. நடை சாத்துவதற்குள் தரிசனத்தை முடித்து, கத்தரிக்காய் கொத்சு கிடைக்கும் ஓர் உணவு விடுதியைத் தேடிச் சாப்பிட்டுவிட்டு, கொள்ளிடம் தாண்டிச் சீர்காழி போங்கள்.

சீர்காழியிலிருந்து பூம்புகாருக்குத் திரும்பலாமா? எனக்கு இதில் இரண்டு மனம். பெயர் நெஞ்சை நிறைக்கிறது. போய் நின்றால் கண் வெறுமையாகிறது. பழைய பட்டினத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. 1973இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது. ஆனால் காவிரி கடலில் கலக்கும் இடம் அங்கேதான். கர்நாடகத்தில் பிறந்து இத்தனை வயலுக்கும் பாய்ந்து வந்த ஆறு, கடைசியில் ஓர் ஓடையளவுக்கு இளைத்துப் போய்க் கடலைத் தொடுகிறது. என் தாயார் அந்த இடத்தில் வெகுநேரம் பேசாமல் நின்றார். உங்கள் அம்மா காவிரிக்கரையில் வளர்ந்தவராக இருந்தால் கட்டாயம் திரும்புங்கள்; இல்லையென்றால் நேரே திருக்கடையூர். அறுபது, எழுபது, எண்பது வயது நிறைவுச் சாந்திகளுக்குப் பேர்போன ஊர். முகூர்த்த நாளாக இருந்தால் கோயிலுக்குள் புகை மண்டிக் கிடக்கும்.

இரவுத் தங்கல் தரங்கம்பாடி. இந்தப் பயணத்தில் ஓர் ஊரை மட்டும் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். சாலை கடல் வரைக்கும் வந்து முடிகிற ஊர் இது. கார் நிறுத்தும் இடத்திலிருந்து எல்லாமே நடக்கும் தொலைவு. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை, மஞ்சள் நிறத்தில், மணல் மேல் அமர்ந்திருக்கிறது. 225 ஆண்டு வைத்திருந்துவிட்டு 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஊரின் நுழைவாயிலில் 1792ஆம் ஆண்டு வளைவு. அதற்குள் ராஜ வீதி. சிக்கனமான நேர்த்தி, கத்தோலிக்கப் புதுச்சேரியின் பகட்டு இங்கே கிடையாது.

1706இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு இங்கே வந்திறங்கினார். தமிழ் கற்க அவர் உள்ளூர்ப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகினார் என்று சொல்வார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு இங்கே அச்சானது. காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையே வைத்தார்கள். நீங்கள் இதைத் தமிழ் எழுத்தில் படித்துக்கொண்டிருப்பதற்குப் பின்னால் உள்ள நீண்ட கதையின் ஒரு முக்கிய அத்தியாயம் அந்த ஒற்றைத் தெருவில் நடந்திருக்கிறது. 1718ஆம் ஆண்டு எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. கோட்டைக்கு வடக்கே, கடலின் விளிம்பிலேயே மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைப் பாறைக்கற்கள் கொட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இந்தக் கடற்கரையில் ஓசோன் நிறைந்திருப்பதாகச் சொல்லி ஊரை விற்கிறார்கள். அதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை. காற்று நன்றாக இருக்கிறது, அவ்வளவு போதும்.

தங்குமிடங்கள் குறைவு, அவற்றில் சில பழைய மாளிகைகளைச் சீரமைத்தவை, வாடகை அதிகம். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். இடம் கிடைக்காவிட்டால் காரைக்காலில் தங்கிவிட்டு, விடியலுக்கு இங்கே வாருங்கள். 15 கிலோமீட்டர்தான். கோட்டை மதிலில் பட்டு வரும் முதல் வெளிச்சத்தைத் தவறவிடாதீர்கள். தை மாதத்தில் ஆறரை மணி வாக்கில் சூரியன் எழும்.

மூன்றாம் நாள் நூறு கிலோமீட்டர்தான், ஆனால் ஊர்கள் நெருக்கமாக வரும். காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. நாகூர் தர்காவில் ஐந்து மினாராக்கள். அவற்றில் உயரமானது 131 அடி, கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். முஸ்லிம் பெரியவரின் அடக்கத்தலம், இந்து அரசரின் கோபுரம், அங்கிருந்து சில மைல் தெற்கே கிறித்தவர் அல்லாதவர்களும் மொட்டை போடும் மாதா கோயில். தெருவில் பொரிக்கும் இறால் வாடாவை மாலையில்தான் போடுவார்கள். காலையில் போனால் கிடைப்பது அதிர்ஷ்டம். நாகப்பட்டினத்தில் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 இன்னும் எல்லாருடைய பேச்சிலும் இருக்கிறது. அதைப் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேளாங்கண்ணியைத் தாண்டியதும் போக்குவரத்து சட்டென்று ஓய்ந்துவிடும். திருப்பூண்டி வழியாக வேதாரண்யம். அறைகள் எளியவை, சுத்தமான ஒன்றைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். சொகுசு வேண்டுமென்றால் வேளாங்கண்ணியில் தங்கிவிட்டு வரலாம், ஆனால் மறுநாள் ஓட்டம் இன்னும் நீளும். கோயிலில் நேர் எதிரே நிற்கும் கதவின் கதையை மகளுக்குச் சொல்லுங்கள்: வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கதவை அப்பர் பதிகம் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி மறுபடி அடைத்தார். அப்பர் நெடுநேரம் பாட வேண்டியிருந்தது, சம்பந்தருக்கு ஒரு பாட்டே போதுமாக இருந்தது என்பதில் பெரியவருக்குச் சின்ன வருத்தமும் உண்டு.

வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் நடுவே அகஸ்தியம்பள்ளி. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்தே புறப்பட்டவர்கள், இங்கே வந்து ஏப்ரல் 30 அன்று தடையை மீறி உப்பு அள்ளினார்கள். நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. அதைவிட, அதே உப்பு இன்றும் அங்கே மலைமலையாகக் குவிந்திருப்பதைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

கோடியக்கரைக்கு மாலை மூன்றரை மணிக்குப் போங்கள். நிலம் முடிந்து கடற்கரை மேற்கே திரும்பும் முனை அது. 1967 முதல் சரணாலயம். வெளிமான்கள் புல்வெளியில் கூட்டமாக நிற்கும். கொம்பு முறுக்கிய கறுப்பு ஆண்களை மகள் தனியாக அடையாளம் கண்டுபிடிப்பாள். எப்போதோ மனிதர்கள் விட்டுப்போய்க் காட்டுயிராகிவிட்ட மட்டக்குதிரைகளும் உண்டு. பூநாரைகளுக்கு உப்பளப் பக்கம் போக வேண்டும். அவை நீர்மட்டத்தைப் பார்த்து இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் வனத்துறைச் சோதனைச் சாவடியில், “இன்று எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டுப் போங்கள். இரவல் வாங்கியாவது ஒரு தொலைநோக்கி வேண்டும். இல்லையென்றால் தொடுவானத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கோடு மட்டும்தான் உங்களுக்குக் கிடைக்கும். சோழர் காலத்ததாகச் சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் சுனாமியில் விழுந்துவிட்டது.

நான்காம் நாள்தான் நான் சொன்ன நீண்ட நாள்: ராமேஸ்வரம் வரை சுமார் 250 கிலோமீட்டர். பயப்பட வேண்டாம், இந்த வழியிலேயே ஆள் நடமாட்டம் குறைந்த பகுதி இதுதான். ஆனால் நல்ல உணவு விடுதியும் கழிப்பறையும் அரிது. அம்மாவை மனதில் வைத்து, பெரிய பெட்ரோல் நிலையம் எங்கே தென்பட்டாலும் தேவை இருக்கிறதோ இல்லையோ நிறுத்திவிடுங்கள். கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள், புளியோதரையும் தயிர்சாதமும் மாலை வரை தாங்கும்.

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாகத் தென்னந்தோப்புகள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தையொட்டிக் கரையேறி இந்தத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. குட்டைத் தென்னைகள் வரிசையாக நிற்கும் இடமெல்லாம் அதற்குப் பின் நட்டவை. மல்லிப்பட்டினத்துக்கு அருகே மனோராவுக்குத் திரும்புங்கள். நெப்போலியனை ஆங்கிலேயர் வீழ்த்தியதைக் கொண்டாட 1814இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டடுக்கு அறுகோணக் கோபுரம். எங்கேயோ ஐரோப்பாவில் யாரோ தோற்றதற்கு நம் தென்னந்தோப்பில் ஒரு கோபுரம்! சரித்திரம் இப்படியெல்லாம் வேடிக்கை செய்யும். மனோராவுக்கு எதிரே கிடக்கும் ஆழம் குறைந்த பாக் விரிகுடாவின் கடல்புல் மேட்டில் ஆவுளியா மேய்கிறது. 2022இல் இதை அந்தக் கடல்பசுவுக்கான பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. இந்தியாவில் அதற்கென்று அமைந்த முதல் பாதுகாப்பகம் இது. பரப்பு 448 சதுர கிலோமீட்டர். ஆவுளியாவை நீங்கள் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் அலையே இல்லாமல் குளம்போல் கிடக்கும் அந்தக் கடலுக்குள் ஒன்று மேய்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்து பார்ப்பது வேறு.

மீமிசல், தொண்டி, தேவிபட்டினம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களை அம்மா பார்க்க விரும்பலாம். ராமநாதபுரத்தில் தேநீர் குடித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே பாம்பன் பாலத்தை அடையுங்கள். 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் உச்சியில் எல்லோரும் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள், பின்னால் பேருந்து வரும். மெதுவாகப் போனாலே போதும். இடப்பக்கம் 1914ஆம் ஆண்டுப் பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதியதும் தெரியும். பழையதில் நடுப்பகுதி இரு கைபோல விரிந்து திறந்தது, புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே எழும். பாலத்தைக் கடக்கும்போது இடது கையில் பாக் நீரிணைப் பக்கம், வலது கையில் மன்னார் வளைகுடா. உள்ளூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர்களெல்லாம் வேண்டாம். அமைதியானது பெண் கடல், சீறுவது ஆண் கடல்.

ஐந்தாம் நாள் முழுக்க ராமேஸ்வரத்தில் இருங்கள். விடிந்ததும் தனுஷ்கோடி, கோயிலை மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். காலையில் தனுஷ்கோடியில் கூட்டமில்லை. மாலையில் அந்தி சாய்வதற்கு முன்பே வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்த அவசரத்தில் எதையும் பார்க்க முடியாது. இந்தப் பயணத்தில் சாலையிலிருந்தபடியே கடலைப் பார்க்கும் நீண்ட பகுதி இது ஒன்றுதான், அதுவும் இரண்டு பக்கமும். 2017 வரை, நிலம் முடியும் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை கிடையாது. மணலில் வேன்களில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும்.

போகும் வழியில் பழைய ஊரில் நிறுத்துங்கள். சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று ஒரே டிக்கெட்டில் போன காலம் ஒன்று இருந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வந்த புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலே அலையில் போயிற்று. ஏறியவர் ஒருவரும் பிழைக்கவில்லை. தேவாலயத்தின் பவளக்கல் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. அவற்றின் மேல் ஏறிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அங்கேயே குடிசை போட்டு வாழும் மீனவக் குடும்பங்கள் வறுத்துத் தரும் மீனைச் சாப்பிடுங்கள். மணலில் ஓர் அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறுவதை அவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். இரண்டு உப்புக்கடலுக்கு நடுவே அது எப்படி என்று உங்கள் மகள் ஊர் திரும்பும் வரை கேட்டுக்கொண்டிருப்பாள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, எடை குறைவாக இருப்பதால் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது, அவ்வளவுதான் சங்கதி. முனையில் யாரையும் கடலில் இறங்க விடாதீர்கள். இரு நீரோட்டங்கள் மோதும் இடம். முழங்கால் ஆழம்கூடக் காலை வாரும்.

ஆறாம் நாள் திரும்புதல். காரைக்குடி, புதுக்கோட்டை, திருச்சி வழியாகச் சென்னை சுமார் 560 கிலோமீட்டர், நிறுத்தங்களோடு பத்து மணி நேரத்துக்கு மேல். அம்மாவுக்கு இது கஷ்டம். ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு இரவு ரயில் இருக்கிறது. ஐந்தாம் நாள் மாலையே அம்மாவையும் மனைவியையும் அதில் அனுப்பிவிட்டு, நீங்களும் மகளும் காரில் வாருங்கள். புதிய பாலத்தில் ரயில் போகும்போது கடலைப் பார்த்தபடி அவர்கள் படுக்கையை விரித்துக்கொள்வார்கள். பொங்கல் கூட்டத்தில் டிக்கெட் கடைசி நேரத்தில் கிடைக்காது; தேதி முடிவானதும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

தென்பாதிக்கு வரும்போது நான்கு நாள் ஒதுக்குங்கள். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி. கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பை வாங்குங்கள். நடுவே உள்ள நிலம் சீமைக்கருவேலமும் பனையும் மட்டும்தான். அழகில்லை என்பார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தூத்துக்குடியில் மக்ரூன், திருச்செந்தூரில் அலையடிக்கும் வாசலில் முருகன், அங்கிருந்து உடன்குடிப் பக்கம் செந்நிற மணல்மேடுகளான தேரிக்காடு. பிறகு மணப்பாடு: கடலுக்குள் நீண்ட மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே 1542இல் பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை, இருபுறமும் கடல். கன்னியாகுமரியைவிட எனக்கு மணப்பாடு பிடிக்கும் என்று சொன்னால் நாகர்கோவில் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். உவரி வழியாகக் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தால் விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்கு 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடந்தே போகலாம். படகுக்கு வரிசை நிற்பது மட்டும் மாறவில்லை.

வீடு வந்த மறுநாளே காரின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். சக்கர வளைவுகளுக்குள்ளும், கதவுகளின் கீழ் ஓட்டைகளிலும் தனுஷ்கோடி மணல் ஒட்டியிருக்கும். விட்டுவைத்தால் ஒரு வருடத்தில் துரு பிடித்துவிடும். கழுவுபவரிடம் “உப்புக்காற்றில் போய் வந்தது” என்று ஒரு வார்த்தை சொன்னால் எங்கெங்கே பீய்ச்ச வேண்டும் என்று அவருக்கே தெரியும்.